தோட்டாவுக்கு மருந்து நிறுக்கும் லாத்தா

பிள்ளைகளே, நான் அதிகம் படித்தவன் இல்லை. எட்டாவதோடு நின்றுவிட்டேன். ஆனாலும் ஒருவரைப் பற்றி உங்களுக்கு எழுதி வைக்கவேண்டும் என்று ரொம்ப நாளாக ஒரு எண்ணம். அவர் பெயரை எழுதப் போவதில்லை. நாங்கள் எல்லோரும் அவரை லாத்தா என்றுதான் கூப்பிட்டோம். நம் பக்கத்துத் தமிழ் முஸ்லிம் வீடுகளில் அக்காவை அப்படித்தான் சொல்வார்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் யாங்கூனுக்கு வடக்கே ஒரு துப்பாக்கி சுடும் மைதானத்தில் எனக்கு வேலை கிடைத்தது. ஓர் இலாகாவின் விளையாட்டுச் சங்கம் அதை நடத்தியது. சுடுகிறவர்கள் குறிபார்க்கும் அட்டைகளுக்குப் பின்னால் உயரமான மண்மேடு ஒன்று உண்டு. அட்டை ஓட்டைகளைக் காகிதம் ஒட்டி அடைப்பதும், மழை விட்டபிறகு மண்மேட்டைச் சலித்து அதில் புதைந்த ஈயத்தைப் பொறுக்குவதும் என் வேலை. அந்த ஈயத்தை உருக்கி வார்த்து மறுபடியும் குண்டாக்கி, சுட்டுப் போட்ட பித்தளைக் கூடுகளைக் கழுவி, அடியில் பொறி எழுப்பும் புதுக் கேப்பு வைத்து, வெடிமருந்து நிறுத்துப் போட்டு, குண்டை அழுத்தித் தோட்டாவாக்குகிறவர் லாத்தா. வெளிநாட்டிலிருந்து புதுத் தோட்டா வருவது அரிதாக இருந்த காலம் அது. பயிற்சிக்கு இப்படிச் செய்துகொண்டால்தான் உண்டு.

முதல் நாள் ஒரு தகரம் நிறைய ஈயம் கொண்டுபோய் வைத்தேன்.

"எத்தனை துண்டு தம்பி?"

"எண்பது இருக்கும் லாத்தா."

"இருக்குமா? இருக்கா?"

எனக்குப் புரியவில்லை. சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. தகரத்தை என் பக்கம் திருப்பித் தள்ளினார். அங்கேயே உட்கார்ந்து எண்ணினேன். எழுபத்துமூன்று.

"பாத்தியா? ஏழு துண்ட வாயாலயே செஞ்சுட்டே" என்றார்.

அதுதான் லாத்தா. 'இருக்கும்' என்ற சொல் அவர் காதுக்குப் பிடிக்காது. பர்மாக்காரர்கள் எதற்கெடுத்தாலும் 'யாபாதே' என்பார்களே, பரவாயில்லை என்று, அதுவும் பிடிக்காது. இந்த ஊரில் அந்த இரண்டு சொல்லையும் கேட்காமல் ஒரு மணி நேரம் இருக்க முடியுமா? அதனால் அவருக்கு நாள் முழுக்க ஏதாவது ஒரு சண்டை இருந்துகொண்டே இருக்கும்.

அவரும் நானும் எங்கள் பேட்டையான மிங்கலா தாங்ஞுன்ட்டிலிருந்து ஒரே பஸ்ஸில்தான் போவோம். கண்டக்டர்களுக்கு அவரை நன்றாகத் தெரியும். வேண்டுமென்றே சீண்டுவார்கள்.

"ஏறுங்க அம்மா, ஏறுங்க, மைதானம் வரைக்கும் போகும்!"

"போகுமா, போகுதா?"

"எஞ்சின் மனசு வச்சா போகும்!"

"அப்ப எஞ்சினக் கூப்பிடு, அதுகிட்டயே கேட்டுக்கிறேன்."

பஸ்ஸே சிரிக்கும். அவர் மட்டும் உம்மென்று, கண்டக்டர் 'போகுது' என்று சொல்கிறவரை படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு நிற்பார். சந்தையில் மீன்காரி, "காலையில பிடிச்சதாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டால் போதும், கையிலெடுத்த மீனைத் திரும்பப் போட்டுவிடுவார்.

எல்லாமே சிரிப்பு இல்லை. ஒரு தடவை தன் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கப் போனார். நல்ல குடும்பம், பெண்ணுக்கும் பிடித்திருந்தது. லாத்தா பையனுடைய தாயிடம், "ஒங்க மவன் குடிப்பாரா?" என்று நேராகக் கேட்டார். "அதெல்லாம் குடிக்கமாட்டான்னுதான் நெனைக்கிறோம்" என்றார்கள். லாத்தா எழுந்து வந்துவிட்டார். வைத்த தேநீர் வைத்தபடி. மகள் அவரிடம் ஆறு மாதம் பேசவில்லை.

பஸ்ஸில் இதைச் சொன்னபோது, "கொஞ்சம் கூடிப்போச்சு லாத்தா" என்றேன்.

"கூடிப்போச்சுதான்" என்றார். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, "ஆனா பெத்தவளுக்கே தெரியலையே தம்பி" என்றார்.

அவர் எதற்காக இப்படி ஆனார் என்று எனக்குத் தெரியாது. அவருடைய வாப்பா முன்காலத்தில் வேட்டைச் சாமான் கடை வைத்திருந்தாராம். மான் வேட்டைக்குப் போகிற பெரிய மனிதர்களுக்குக் கடையின் பின்கட்டில் லாத்தாதான் தோட்டா செய்து கொடுத்தாராம். எண்பத்தெட்டுக் கலவரத்துக்குப் பிறகு ஜனங்கள் துப்பாக்கிகளை அரசாங்கத்திடம் ஒப்படைக்கவேண்டி வந்ததும் அதே கடையில் குடை விற்க ஆரம்பித்தார்கள். "குடைக்கு மருந்து நிறுக்க வேணாம், நிம்மதி" என்று சொல்லுவார். பிறகு மைதானத்துக்காரர்கள் தேடி வந்து கூப்பிட்டபோது அடுத்த நாளே தராசைத் துடைத்து எடுத்துக்கொண்டு போனவரும் அவர்தான்.

அவர் வேலை செய்த அறையைச் சொல்லவேண்டும். ஒரே ஜன்னல். மருந்து நிறுக்கும்போது அதையும் சாத்திவிடுவார். சித்திரை வெயிலிலும் காற்றாடி கிடையாது, காற்றில் தராசுத்தட்டு ஆடும் என்பதால். எடைக்கல் பட்டாணியைவிடச் சின்னது. அதை இடுக்கியால்தான் தொடுவார், விரலால் தொடமாட்டார். கதவில் ஒரு பழைய சிவப்பு லோஞ்சியை, பர்மாக்காரர்கள் கட்டுகிற கைலியை, தொங்கவிட்டிருந்தால் உள்ளே நிறுவை நடக்கிறது என்று அர்த்தம். யாரும் போகக்கூடாது, தட்டக்கூடாது, கூப்பிடவும் கூடாது. மீறினால் அன்றைக்கே சங்கத்தை விட்டு வெளியே போகவேண்டியதுதான் என்று செயலாளரே எழுதி ஒட்டியிருந்தார்.

ஒரு முறை தலைமை அலுவலகத்திலிருந்து வந்த பெரிய அதிகாரி ஒருவர் விஷயம் தெரியாமல் கதவைத் திறந்துவிட்டார். லாத்தா எழுந்து நின்று வணக்கம் சொன்னார், கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். அதிகாரி போனதும், அதுவரை செய்து வைத்த முப்பது தோட்டாவையும் ஒன்றுவிடாமல் பிரித்தார். முதலிலிருந்து தொடங்கினார்.

"முப்பதும் சரியாத்தானே செஞ்சிருப்பீங்க?" என்று கேட்டேன்.

"செஞ்சிருப்பேன்" என்று நான் சொன்ன சொல்லையே எனக்குச் சொல்லிக்காட்டினார்.

அதில் காரணம் இருந்தது. பயிற்சித் தோட்டாவுக்கு மருந்து குறைவாகத்தான் போடுவார்கள், கூட்டில் பாதிகூட நிரம்பாது. அதனால் கவனம் தப்பி ஒரே கூட்டில் இரண்டு தடவை போட்டுவிட்டாலும் வழியாது. குண்டை வைத்து அழுத்திவிட்டால் வெளியே தெரியவும் தெரியாது. சுடும்போதுதான் தெரியும். துப்பாக்கி உடைந்து, சுட்டவன் முகத்திலேயே வந்து விழும்.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருடம். சுடுகிறவர் ஒருவர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார். ஓய்வு நேரத்தில் நான் சுட்டுப் பழகியதைச் செயலாளர் பார்த்திருந்தார். அவரை எல்லோரும் ஊலே என்போம், பர்மிய மொழியில் மாமா மாதிரி. அவர் என்னைக் கூப்பிட்டு, "சனிக்கிழமை தேர்வு. நல்லா சுட்டா நீ டீம்ல வந்துடலாம்" என்றார். டீமில் இருப்பவர்களுக்கு மைதானத்துக்குப் பின்னால் இரண்டு அறை வீடு உண்டு. தனிச் சமையலறை, மாமரம் வேறு. உங்கள் அம்மா அப்போது நிறைமாதம். நாங்கள் ரயில் பாதையை ஒட்டிய அந்த ஒற்றை அறையில், என் அம்மாவோடு மூன்று பேராக இருந்தோம். நாலாவதாக ஓர் ஆள் வரப்போகிறது. அந்த வீட்டை நினைத்து நினைத்து நான் சரியாகத் தூங்கவில்லை.

வியாழக்கிழமை காலையில், செல்வி, நீ பிறந்தாய்.

ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்த்துவிட்டு மதியம் மைதானத்துக்கு ஓடினேன். யாரிடமாவது சொல்லவேண்டும். மண்மேட்டிடம் சொல்ல முடியுமா? நேராக லாத்தாவின் அறைக்குப் போனேன். சிவப்பு லோஞ்சி தொங்கியது. கண்ணில் படவில்லை என்று சொல்லமாட்டேன். பட்டது. அதை ஒதுக்கிவிட்டுத்தான் கதவைத் திறந்தேன்.

"லாத்தா, பொம்பளப் புள்ள!"

அவர் திடுக்கிட்டதில் முழங்கை தராசில் இடித்து எடைக்கல் மேசையில் உருண்டது. நான் பயந்துபோனேன். ஆனால் அவர் திட்டவில்லை.

"மாஷா அல்லாஹ்! தாயும் புள்ளையும் சொகமா?"

"சொகமா இருக்காங்க லாத்தா."

"புள்ள அழுவுச்சா?"

"ஆஸ்பத்திரியே கேக்குற மாதிரி அழுதுச்சு."

அவர் சிரித்தார், கண்ணில் நீர் வந்துவிட்டது. விரலால் துடைத்துக்கொண்டார். கன்னத்தில் பூசியிருந்த தனக்கா, மரப்பட்டையை அரைத்துப் பூசுகிற அந்த மஞ்சள் பூச்சு, கோடாய்க் கரைந்தது. அந்த விரலாலேயே எடைக்கல்லை எடுத்துத் தட்டில் வைத்தார். "போ, போ, நான் எண்ணிக்கிட்டு இருக்கேன்" என்று என்னை விரட்டினார். இதெல்லாம் அப்போது எனக்கு ஒரு விஷயமாகவே படவில்லை.

படவேண்டியது இன்னொன்றும் இருந்தது. யாராவது உள்ளே வந்தால் எல்லாவற்றையும் பிரித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குகிறவர் அன்றைக்கு அப்படிச் செய்யவில்லை. விட்ட இடத்திலிருந்து தொடர்ந்துவிட்டார். சந்தோஷம்தான் காரணம், வேறு ஒன்றும் இல்லை.

மூன்று மணிக்கு நூற்றிருபது தோட்டா முடிந்தது. காலையில் நூற்றிருபதுக்கு வேண்டியதோடு கொஞ்சம் சேர்த்து மருந்தை நிறுத்து எடுத்துக்கொள்வார். முடிந்தபிறகு மிச்சத்தை நிறுத்துப் பார்ப்பார். அன்றைக்கு மிச்சம் குறைந்தது. மிகச்சரியாக, ஒரு தோட்டாவுக்குப் போடுகிற மருந்து அளவுக்கு.

என்னையும் ஊலேயையும் கூப்பிட்டார். ஊலேயோடு அவர் பேசியதெல்லாம் பர்மியத்தில். உங்களுக்காகத் தமிழில் எழுதுகிறேன்.

"ஒரு அளவு மருந்து குறையுது. ஒரு கூட்டுல ரெண்டு தடவை விழுந்திருக்கலாம். இந்தப் பெட்டியைக் கொடுக்கமாட்டேன்."

"கீழே சிந்தியிருக்கும் சயாமா" என்றார் ஊலே. சயாமா என்றால் டீச்சரம்மா. மரியாதையாகத்தான் சொன்னார். "யாபாதே. நாளன்னைக்குத் தேர்வு."

"மேசையைத் துடைச்சுப் பாத்துட்டேன். சிந்தலை."

"அப்ப தோட்டாவை நிறுத்துப் பாருங்க. கனமா இருக்கறதைத் தனியா எடுத்துடுங்க."

"கூடு ஒண்ணொண்ணும் ஒரு எடை. குண்டு நாமே வார்த்தது, அதுவும் ஒண்ணொண்ணும் ஒரு எடை. அந்த வித்தியாசத்துக்குள்ள மருந்து ஒளிஞ்சுக்கும்."

ஊலேக்குக் கோபம் வந்துவிட்டது. "நூற்றிருபதுல ஒண்ணு! அதுவும் இருக்கான்னே தெரியாது!"

லாத்தா பெட்டியை எடுத்து என் கையில் வைத்தார். "இவன்தான் சனிக்கிழமை சுடப்போறான். இவன்கிட்டயே கேளுங்க. இன்னைக்குக் காலைல..." என்றவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

பெட்டி கனமாக இருந்தது. நான் அதை மேசையில் வைத்துவிட்டு, தோட்டா பிரிக்கும் சுத்தியலை எடுத்தேன். அதன் தலைக்குள் தோட்டாவை மாட்டி மரக்கட்டையில் இரண்டு தட்டுத் தட்டினால் குண்டும் மருந்தும் கழன்று விழும். நான் தட்டித் தட்டிக் கொடுத்தேன். லாத்தா ஒவ்வொரு கூட்டு மருந்தையும் வேறொரு எடைக்கல்லால் நிறுத்தார். ஊலே போகாமல் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

எந்தத் தோட்டா எப்போது செய்தது என்பதற்குப் பெட்டியிலேயே வரிசை வைத்திருந்தார். முதல் இருபதும் சரி. அதற்குப் பிறகு வந்த ஒவ்வொன்றிலும் ஒரு சிட்டிகைக்கும் குறைவாக, முள் லேசாக அசைகிற அளவுக்குக் கூடுதல். நூற்றிருபதையும் பிரித்துவிட்டோம். இரட்டை மருந்து ஒன்றிலும் இல்லை. எல்லாக் கூடுதலையும் சேர்த்தால் அந்தக் காணாமல் போன ஒரு அளவு.

லாத்தா மதியம் பயன்படுத்திய எடைக்கல்லை இடுக்கியால் எடுத்து, ரத்தினக்கல் வியாபாரிகள் வைத்திருக்கிற பூதக்கண்ணாடியில் பார்த்தார். ஊலேயிடம் நீட்டினார். அடிப்பக்கத்தில் வெளிர்மஞ்சளாக ஏதோ ஒட்டிக் காய்ந்து, அந்த அளவுக்குக் கல்லின் கனத்தைக் கூட்டியிருந்தது.

"தனக்காவா?" ஊலே சிரித்துவிட்டார். "அப்ப ஆபத்து ஒண்ணும் இல்லையே!"

"இல்லை. இப்ப தெரியும்" என்றார் லாத்தா.

சிரிப்பு அடங்கியதும் ஊலே யோசித்தார். அவர் முட்டாள் இல்லை. "நீங்க கல்லை விரலால தொடமாட்டீங்களே. இருபதாவதுக்கு அப்புறம் என்ன ஆச்சு? யாராவது உள்ளே வந்தாங்களா?"

"என் கை, என் தராசு. நான்தான் அப்பவே பிரிச்சிருக்கணும். பிரிக்கலை. தப்பு என்னுது."

"அதைக் கேக்கலை. யார் வந்தாங்க?"

லாத்தா என் பெயரைச் சொல்லவில்லை. பொய்யும் சொல்லவில்லை. ஊலே என் பக்கம் திரும்பினார். "நீ வெளியேதானே இருந்தே. யாராவது வந்தாங்களா?"

அந்தச் சமையலறை என் கண் முன்னால் வந்தது பிள்ளைகளே. மாமரமும் வந்தது.

"யாரும் வந்திருக்கமாட்டாங்க, ஊலே" என்றேன்.

லாத்தா என்னை நிமிர்ந்து பார்த்தார். உடனே குனிந்து தராசைத் துணியால் மூட ஆரம்பித்தார்.

"அப்ப நீங்களாவே கவனம் தப்பிட்டீங்க" என்றார் ஊலே. குரலில் வருத்தம் இருந்தது. "மருந்து வேலைல அது ஆகாது சயாமா. நாளைலேருந்து நீங்க வரவேணாம். வேற ஆள் பாக்கிறேன்."

"ஹோக்கே" என்றார் லாத்தா. சரி என்று. அவ்வளவுதான்.

திரும்பும் பஸ்ஸில் பக்கத்தில்தான் உட்கார்ந்தார். மடியில் தராசுப் பெட்டி. திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாயிருக்கும். பாதி வழியில், "புள்ள எத்தன பவுண்டு?" என்று கேட்டார்.

"ஆறு பவுண்டு இருக்கும் லாத்தா."

சொன்னபிறகுதான் என் வாயில் வந்த சொல்லைக் கவனித்தேன். அவர் என்னைத் திருத்துவார் என்று பார்த்தேன். திருத்தவில்லை. "நல்ல எடைதான்" என்று சொல்லிவிட்டு முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டு நிறுத்தத்தில் கண்டக்டர் என்னவோ கிண்டல் செய்தான். அதற்கும் பதில் சொல்லாமல் இறங்கிப் போனார். என்னிடம் இனி எதையும் கேட்டுப் பயன் இல்லை என்று அவர் முடிவு செய்துவிட்டதாக எனக்குத் தோன்றியது. அதைத் தாங்கமுடியவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் ஊலேயின் மேசைக்கு முன்னால் போய் நின்றேன்.

"நேத்து உள்ளே போனது நான். துணி தொங்கினதைப் பாத்துட்டுத்தான் போனேன்."

ஊலே பேனாவை மூடி வைத்தார். "இதை நேத்தே சொல்லியிருந்தா வேற மாதிரி யோசிச்சிருப்பேன்" என்றார். "உள்ளே போனதைவிட, கேட்டப்போ சொல்லாததுதான் பெருசு. டீமை மறந்துடு. உன்னை வேலையை விட்டு அனுப்பாம இருக்கேன்னா, அது உன் குழந்தைக்காக."

லாத்தாவைத் திரும்ப அழைத்துவர என்னையே அனுப்பினார். குடைக்கடைக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "வீடு?" என்றார்.

"போச்சு லாத்தா."

அவர் 'ஐயோ' என்றும் சொல்லவில்லை, 'நல்லது செய்தாய்' என்றும் சொல்லவில்லை. உள்ளே போய்த் தராசுப் பெட்டியை எடுத்துவந்து என் கையில் கொடுத்தார். அதுவரை அந்தப் பெட்டியை வேறு யாரையும் தூக்கவிட்டு நான் பார்த்ததில்லை.

தேர்வில் வேறொருவர் நன்றாகச் சுட்டார். மாமர வீட்டுக்கு அவர் குடும்பம் போனது. அட்டையில் ஓட்டை அடைத்துக்கொண்டு இன்னும் நாலு வருடம் அங்கே இருந்தேன். நாம் ஏன் எப்போதும் ரயில் பாதைப் பக்கத்து அறையிலேயே இருந்தோம் என்று நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். அப்போது வேறு ஏதேதோ சொல்லிச் சமாளித்தேன். காரணம் இதுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை லாத்தா செல்வியைப் பார்க்க வந்தார். உன்னை மடியில் வைத்துக்கொண்டு அறையைச் சுற்றிப் பார்த்தார். அப்போது ஒரு ரயில் போனது. அலமாரியில் அடுக்கியிருந்த எவர்சில்வர் தட்டுகள் கடகடவென்று அதிர்ந்தன, நீ வீரிட்டு அழுதாய். எங்களுக்குப் பழகிவிட்டதால் யாரும் அசையவில்லை. லாத்தா உன்னை உன் அம்மாவிடம் கொடுத்துவிட்டு எழுந்தார். பழைய துணி ஒன்று கேட்டு வாங்கினார். அதைச் சதுரம் சதுரமாகக் கிழித்து ஒவ்வொரு தட்டுக்கும் நடுவில் ஒன்று வைத்து, மெதுவாக அடுக்கினார். பிறகு தரையில் உட்கார்ந்து அடுத்த ரயிலுக்காகக் காத்திருந்தார். முக்கால் மணி நேரம் ஆனது. தேநீர் குடிக்கச் சொன்னோம், "ரயில் போகட்டும்" என்றார்.

ரயில் போனது. தட்டுகள் சத்தம் போடவில்லை. நீ தூங்கிக்கொண்டே இருந்தாய். அதைப் பார்த்துவிட்டுத்தான் லாத்தா தேநீரைக் கையில் எடுத்தார்.